லம்ப்: லண்டனில் மண் வெட்டிய அயர்லாந்துக்காரர்களுக்குக் கூலி வந்த வழி

அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கட்டுமான வேலைக்குப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நல்ல உழைப்பாளிகள், ஆனால் சம்பாதித்ததை எல்லாம் குடித்துத் தீர்த்தார்கள், கடைசியில் நாதியில்லாமல் செத்தார்கள் என்று. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஏதோ ஒரு நாட்டு மக்களின் ரத்தத்திலேயே ஊறிய பழக்கம் போல இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்களுக்குக் கூலி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு, எந்த நாளில், எந்த இடத்தில் மாறியது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டாலே அந்தக் குடி, தனிமை, முதுமையில் வந்த வறுமை எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அந்தக் கூலி முறைக்கு 'லம்ப்' என்று பெயர். அது என்ன, எப்படி இயங்கியது, அதில் மாட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான நாற்பது ஆண்டுகள்தான் நம் கவனம்.

## யார் போனார்கள், ஏன் போனார்கள்

அயர்லாந்து என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். அதில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். ஆனால் பஞ்சம் முடிந்ததும் வெளியேற்றம் நின்றுவிடவில்லை. 1841ல் தீவு முழுவதும் சேர்த்து 82 லட்சம் பேர் இருந்தார்கள். 1961ல் சுதந்திர அயர்லாந்துக் குடியரசில் மிஞ்சியது 28 லட்சம். வடபகுதி பிரிட்டனோடு இருப்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது, ஆனாலும் சரிவு எவ்வளவு என்று தெரிகிறது. 1951 முதல் 1961 வரையிலான பத்தே ஆண்டில் குடியரசை விட்டு நிகரமாக நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பெரும்பாலானவர்கள் போனது பிரிட்டனுக்கு.

மேயோ, கால்வே, டோனகால், கெர்ரி போன்ற மேற்குக் கரை மாவட்டங்களில் நிலம் துண்டு துண்டாக இருக்கும். அது ஒரு மகனுக்குப் போகும், மீதிப் பிள்ளைகளுக்கு அங்கே எதுவும் இல்லை. தொழிற்சாலையும் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் குண்டுவீச்சில் இடிந்த நகரங்களைக் கட்ட ஆள் தேவைப்பட்டது. 1949ல் அயர்லாந்து குடியரசானபோது, அதன் குடிமக்களை அந்நியராகக் கருதப்போவதில்லை என்று பிரிட்டன் சட்டமே போட்டது. விசா வேண்டாம், வேலை அனுமதி வேண்டாம். டன் லேரியில் கப்பலேறி ஹோலிஹெட்டில் இறங்கி, ரயில் பிடித்தால் காலையில் லண்டன் யூஸ்டன் நிலையம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கேம்டன் டவுன்.

பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் போனார்கள், சில காலகட்டங்களில் அதிகமாகவே போனார்கள். 1948ல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய மருத்துவச் சேவையில் செவிலியர்களாக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர்களுடைய கதையைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். இங்கே நான் பேசுவது மண்வெட்டி பிடித்த ஆண்களைப் பற்றி. இவர்களை அங்கே 'நேவி' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்களுக்கு வந்த பெயர், அப்புறம் ரயில் பாதை போட்டவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. விக்டோரியா காலத்து ரயில் பாதைகளை எல்லாம் அயர்லாந்துக்காரர்களே போட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை, அன்று பெரும்பான்மை ஆங்கிலேயர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும்தான். போருக்குப் பிந்தைய காலத்தில்தான் மண் வேலை என்றாலே அயர்லாந்துக்காரர் என்ற நிலை வந்தது. 1959ல் முதல் பகுதி திறக்கப்பட்ட எம்1 நெடுஞ்சாலை, 1960களில் தோண்டிய லண்டன் விக்டோரியா சுரங்க ரயில் தடம், ஸ்காட்லாந்து மலைகளுக்குள் குடைந்த நீர்மின் சுரங்கங்கள் எல்லாவற்றிலும் அவர்கள் இருந்தார்கள். சுரங்கக்காரர்களில் டோனகால் ஆட்களுக்குத் தனி மதிப்பு. 1955ல் செயின்ட் ஃபில்லன்ஸில் ஏழே நாளில் 557 அடி பாறையைக் குடைந்து உலக சாதனை படைத்தார்கள்.

## லம்ப் என்றால் என்ன

நம்மூரில் வீடு கட்டுபவர் ஒரு மேஸ்திரியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் கான்ட்ராக்ட் பேசி விடுவார். மேஸ்திரி கொத்தனாரையும் சித்தாளையும் கூட்டி வருவார். சனிக்கிழமை வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பணம் கொடுப்பார், மேஸ்திரி அவரவருக்குப் பிரித்துக் கொடுப்பார். செங்கல் சுமந்த சித்தாளின் பெயர்கூட வீட்டுக்காரருக்குத் தெரியாது. சாரம் சரிந்து அந்த அம்மா விழுந்தால் யார் பொறுப்பு என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதே ஏற்பாட்டை ஒரு நாட்டின் நெடுஞ்சாலை, மின்கேபிள், எரிவாயுக் குழாய் அளவுக்குப் பெரிதாக்கினால் லம்ப் வந்துவிடும். மேலே பெரிய ஒப்பந்த நிறுவனம் இருக்கும். அது வேலையைத் துண்டு துண்டாகச் 'சப்பி'களுக்கு, அதாவது துணை ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கும். பல சப்பிகளும் அயர்லாந்துக்காரர்கள்தான், ஒரு காலத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள். அவர்களுக்குக் கீழே வேலையிடத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் 'கேங்கர்'. அதற்கும் கீழே நேவிகள். இந்த நேவிகளுக்கு மாதச் சம்பளமோ வாரச் சம்பளமோ கிடையாது. இவ்வளவு கஜம் தோண்டினால் இவ்வளவு, அல்லது இன்றைய நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை. எந்தப் பிடித்தமும் கிடையாது, எந்தத் தாளிலும் பதிவு கிடையாது.

முக்கியமான இடம் இதுதான். பிரிட்டனில் 1948லிருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் தேசியக் காப்பீட்டு அட்டை ஒன்று இருந்தது. முதலாளி வாராவாரம் அஞ்சலகத்தில் முத்திரை வில்லை வாங்கி அதில் ஒட்ட வேண்டும். பாதிப் பணம் தொழிலாளியின் கூலியிலிருந்து, மீதி முதலாளியிடமிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வில்லைகளின் கணக்குதான் பின்னால் நோய்க்கால உதவி, வேலையில்லாக் காலப் பணம், ஓய்வூதியம் எல்லாமாக மாறும். லம்பில் இருப்பவர் சட்டப்படி யாருக்கும் தொழிலாளி இல்லை, அவர் 'சுயதொழில் செய்பவர்'. வில்லையை அவரே வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும், வருமான வரியையும் அவரே கட்ட வேண்டும். மேயோவிலிருந்து நேற்று வந்து இறங்கிய பத்தொன்பது வயதுப் பையன் ஒரு நிறுவனம் நடத்துபவரைப் போலத் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வான் என்று ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அவன் ஏன் ஒப்புக்கொண்டான் என்று கேட்கலாம். கையில் அதிகப் பணம் வந்தது, அவ்வளவுதான். அட்டையோடு வேலை செய்தால் வரியும் வில்லையும் போக மிஞ்சுவதை விட லம்பில் கணிசமாகக் கூடுதல். இன்னும் இரண்டு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைப்பவனுக்கு நாற்பது வருடம் கழித்து வரும் ஓய்வூதியம் ஒரு பொருட்டா? அப்புறம், பிடிக்காத கேங்கரை விட்டுவிட்டு மறுநாளே வேறு இடம் போகலாம். அந்தச் சுதந்திரத்தைப் பெரிதாக மதித்தவர்கள் நிறையப் பேர், அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிறுவனத்துக்கோ லாபம் இன்னும் தெளிவு: வில்லைச் செலவு இல்லை, விடுமுறைக் கூலி இல்லை, மழை பெய்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். போதாக்குறைக்கு 1966ல் பிரிட்டிஷ் அரசு, கட்டுமானத்தில் வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு ஆணுக்கும் வாரத்துக்கு 25 ஷில்லிங் வரி போட்டது. தொழிலாளி என்று கணக்கில் இருந்தால்தான் வரி, சுயதொழில் என்றால் கிடையாது. லம்ப் காட்டுத்தீயாகப் பரவியது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மேலே நிறுவனம், நடுவில் சப்பி, கேங்கர், கீழே நேவி. கீழே இருப்பவருக்குக் கையில் ரொக்கம் அதிகம், ஆனால் அவர் யாருடைய ஆளும் இல்லை. அட்டையில் வில்லை இல்லை. எல்லா அயர்லாந்துக்காரர்களும் லம்பில் இருந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அட்டையோடு முறையாக வேலை பார்த்து வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் ஏராளம். லம்பில் கடைசிவரை இருந்தவர்களின் கதிதான் இங்கே நம் விஷயம்.

## காலை ஆறு மணி, கேம்டன் டவுன்

லண்டனில் கேம்டன் டவுனிலும் கிரிக்கிள்வுட்டிலும் விடியும் முன்பே சாலையோரத்தில் ஆட்கள் நிற்பார்கள். சப்பிகளின் வேன்கள் வரும். "ஸ்டார்ட் கிடைக்குமா?" என்பதுதான் கேள்வி. ஸ்டார்ட் என்றால் அன்றைக்கு வேலை. கேங்கர் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். தோள் அகலம், கை, காலில் இருக்கும் பூட்ஸ். நேற்று நன்றாக வேலை செய்தவன் முதலில் ஏறுவான், நாற்பத்தைந்தைத் தாண்டியவன் கடைசியில். வேன் கிளம்பிய பிறகும் நிற்பவர்களுக்கு அன்று ஒன்றும் இல்லை.

வேலையிடத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கேபிள் புதைக்க ஆளுயரப் பள்ளம் வெட்ட வேண்டும். கேங்கர் சாலையோரம் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நீளம் என்று குறித்துவிடுவார். பள்ளம் ஆழமாகும்போது இரண்டு பக்கச் சுவரும் சரியாமல் இருக்கப் பலகை வைத்து நடுவில் முட்டுக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. பலகை அடிக்க நேரமாகும். கூலியோ தோண்டிய கஜத்துக்கு, அடித்த பலகைக்கு இல்லை. அதனால் பலகை அடிக்கிற நேரம் நேவிக்கும் நஷ்டம், கேங்கருக்கும் நஷ்டம், சப்பிக்கும் நஷ்டம். முட்டுக் கொடுக்காமலே இறங்கினார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை இருக்கும். இடுப்பு வரை மூடினாலே எழ முடியாது, நெஞ்சுவரை மூடினால் மூச்சு விடவே இடம் இருக்காது. இதில் செத்தவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்வது எளிது. கஜக்கணக்குக் கூலி அந்தக் கவனத்துக்கு ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல் பெயர். வரி அலுவலகத்தின் கண்ணில் படாமலிருக்கப் பலர் பொய்ப் பெயரில் வேலை செய்தார்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு சப்பியிடம் ஒவ்வொரு பெயர். விபத்தில் போய்விட்டால் அவர் உண்மையில் யார், எந்த ஊர், யாருக்குத் தகவல் சொல்வது என்று பக்கத்தில் நின்று தோண்டியவருக்கே தெரியாமல் போகும். பணியிடக் காயத்துக்கான அரசு உதவியும் தொழிலாளி என்று பதிவானவர்களுக்குத்தான்.

நடுவில் இத்தனை கைகள் இருக்கும் இந்த ஏற்பாடு லண்டனில் பிறந்தது இல்லை. அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்காட்லாந்து உருளைக்கிழங்கு வியாபாரிகள், அகில் தீவிலும் டோனகாலிலும் ஓர் ஊர்க்காரரைப் பிடித்து அவர் மூலமாக ஆள் திரட்டினார்கள். குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகளும் போய், பண்ணை பண்ணையாக நகர்ந்து கிழங்கு அள்ளினார்கள். படுக்க இடம் மாட்டுக்கொட்டகையோ, பழைய கொட்டகையோ. 1937 செப்டம்பர் 16ஆம் தேதி கிளாஸ்கோவுக்கு அருகே கிர்கின்டிலாக்கில் அப்படி ஒரு கொட்டகை தீப்பிடித்து அகிலைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். எல்லாரும் 13 முதல் 23 வயதுக்குள். ஒட்டியிருந்த இடத்தில் படுத்திருந்த பெண்கள் தப்பித்தார்கள்.

## வெள்ளிக்கிழமைக் காசோலை

குடிப் பேச்சுக்கு வருவோம். லம்ப் கூலி பல இடங்களில் காசோலையாக வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சப்பியோ கேங்கரோ அதைக் கொண்டுவந்து கொடுக்கும் இடம் பப். வங்கி பிற்பகலிலேயே மூடிவிடும். திறந்திருந்தாலும் இவர்களில் பலருக்குக் கணக்கு கிடையாது. நிரந்தர முகவரி இல்லை, சொந்தப் பெயரையே வெளியே சொல்ல முடியாதவர் எந்தப் பெயரில் கணக்குத் தொடங்குவார்? ஆக, காசோலையைப் பணமாக மாற்றித் தரக்கூடியவர் ஒருவர்தான்: பப் முதலாளி. அதற்கு அவர் ஒரு கழிவு எடுத்துக்கொள்வார், அல்லது மாற்றுகிறவர் அங்கேயே குடிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. கேங்கர் ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஒன்பதரைக்கு வருவார். அதுவரை கடனில் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்ததும் கேங்கருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுக்க வேண்டும், திங்கட்கிழமை வேனில் இடம் வேண்டுமே. வார நடுவில் 'சப்' வாங்கியிருந்தால், அதாவது முன்பணம், அதுவும் கழிந்துதான் கைக்கு வரும்.

கூலியை மதுக்கடையில் வைத்துக் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1883லேயே சட்டம் இருந்தது. இந்தக் கொடுமை எப்படி நடக்கும் என்பது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சட்டம் வந்தது. எண்பது வருடம் கழித்தும் காசோலை என்ற பெயரில் அதே காரியம் நடந்தது.

சரி, வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகலாமே? வீடு என்று எது இருந்தது? 'டிக்ஸ்' என்பார்கள், ஒரு வீட்டுக்காரம்மாவிடம் வாடகைக்கு எடுத்த கட்டில். ஒரே அறையில் நான்கைந்து கட்டில், சில இடங்களில் பகல் ஷிப்ட்காரர் எழுந்ததும் இரவு ஷிப்ட்காரர் அதே கட்டிலில் படுப்பார். உட்கார ஓர் அறை கிடையாது. ஞாயிறு பகலில் வெளியே போய்விட வேண்டும் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அயர்லாந்துக்காரர் என்றால் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. கணப்பு எரிகிற, வெளிச்சம் இருக்கிற, ஊர்ப் பாஷை பேசுகிற, அடுத்த வாரம் எங்கே வேலை என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே இடம் பப்.

இந்தப் பகுதியில் மனதில் வைக்க வேண்டியது: பப் அவர்களுக்கு வங்கி, வேலைவாய்ப்பு அலுவலகம், வரவேற்பறை எல்லாமாகவும் இருந்தது. ஒரு மனிதனின் கூலி, அடுத்த வார வேலை, உறவு எல்லாவற்றையும் கொண்டுபோய் மதுக்கடைக்குள் வைத்துவிட்டு, அவன் ஏன் குடித்தான் என்று கேட்கிறோம்.

## ஊருக்குப் போன பணம்

குடித்தே அழித்தார்கள் என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1961ல் பிரிட்டனிலிருந்து தந்தி மணியார்டரிலும் அஞ்சல் மணியார்டரிலும் அயர்லாந்துக்குப் போன பணம் ஏறக்குறைய 1.35 கோடி பவுண்டு. அதே ஆண்டு அயர்லாந்து அரசு தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் சேர்த்துச் செலவழித்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உறைக்குள் நோட்டாக வைத்து அனுப்பியது இந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பணத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள், கூரை மாறியது, கடைக்காரர் கடன் அடைந்தது. செவிலியர்களும் வீட்டு வேலை செய்த பெண்களும் அனுப்பியதும் இதில் சேர்த்திதான். ஆனால் அயர்லாந்து அரசு இந்த மனிதர்களுக்குத் திருப்பிச் செய்தது வெகுகாலம் ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டதெல்லாம் பாதிரியார்களும் கேம்டனில் தொடங்கிய லண்டன் ஐரிஷ் சென்டர் போன்ற அமைப்புகளும்தான்.

## ஐம்பது வயதுக்குப் பிறகு

லம்பின் முழு விலை உடம்பு தளர்ந்தபோதுதான் தெரிந்தது. முதுகு போய், முட்டி போய், வேனில் ஏற்ற ஆளில்லாத நிலையில் வேலையில்லாக் காலப் பணம் கேட்டுப் போனால், வில்லைக் கணக்கு எங்கே என்பார்கள். முழு அடிப்படை ஓய்வூதியம் கிடைக்க ஓர் ஆணுக்கு 44 ஆண்டுக் கணக்கு வேண்டியிருந்தது. முப்பது வருடம் லண்டன் தெருக்களைத் தோண்டியவரின் பெயரில் ஆறேழு வருடம்தான் பதிவாகியிருக்கும், அதற்கு ஓய்வூதியமே வராது. மிஞ்சுவது வருமானமே இல்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை. அதைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் உண்டு, இத்தனை நாள் எங்கே வேலை செய்தாய் என்று கேட்டு வரிப் பாக்கியைத் தோண்டுவார்களோ என்று பயந்தவர்களும் உண்டு.

கேம்டன் டவுனில் ஆர்லிங்டன் ஹவுஸ் என்று ஒரு பெரிய ஆண்கள் விடுதி, 1905ல் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அறைகள். வேலை கிடைக்கும்வரை தங்கலாம் என்று வந்த எத்தனையோ நேவிகள் அங்கேயே கிழவர்களானார்கள். பிரிட்டனில் வாழும் அயர்லாந்து ஆண்கள், ஊரிலேயே இருந்துவிட்ட அயர்லாந்து ஆண்களை விடவும், இங்கிலாந்தில் பிறந்தவர்களை விடவும் அதிகமாக அகால மரணம் அடைகிறார்கள் என்று 1980களில் ஆய்வுகள் காட்டின. பொதுவாக வேலைக்காகப் புலம்பெயர்பவர்கள் திடகாத்திரமானவர்களாக இருப்பதால் அவர்களின் மரண விகிதம் சொந்த ஊரை விடக் குறைவாக இருக்கும். இவர்களுக்கு அது தலைகீழானது.

ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்பார்கள். நிலமும் வீடும் அண்ணனுக்குப் போய்விட்டது, அண்ணி வந்துவிட்டார், அவர்களின் பிள்ளைகள் இவரைப் பார்த்ததே இல்லை. முப்பது வருடமாக நன்றாக இருக்கிறேன் என்று கடிதம் எழுதியவர் ஒரு பெட்டிகூட இல்லாமல் எப்படிப் போய் நிற்பார்? முதலில் கிறிஸ்துமஸுக்குப் போவது நிற்கும், அப்புறம் பணம் அனுப்புவது நிற்கும், கடைசியில் கடிதம்.

## இரண்டு அரசுகளும் செய்தவை

1968ல் பிரிட்டனில் ஃபெல்ப்ஸ் பிரவுன் தலைமையிலான குழு லம்பை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 1972ல் நாடு தழுவிய கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது, லம்பை ஒழிப்பதும் அதில் ஒரு கோரிக்கை. அந்தப் போராட்டத்தில் ஷ்ரூஸ்பரி பகுதியில் மறியல் செய்தவர்கள் மீது வழக்குப் போட்டுச் சிலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 2021ல்.

அரசுக்கு உண்மையில் உறுத்தியது வரி இழப்பு. அதே 1972லிருந்து, '714' என்ற எண்ணுள்ள சான்றிதழ் வைத்திருந்தால் சப்பிக்கு முழுத் தொகை கொடுக்கலாம், இல்லையென்றால் 30 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 714க்கு உடனே ஒரு கள்ளச் சந்தை உருவானது, வாடகைக்கு விட்டார்கள், திருடினார்கள், போலி அடித்தார்கள். வரி ஓரளவு வசூலானது. பள்ளத்தில் இறங்குபவர் தொழிலாளியா இல்லையா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அயர்லாந்தில் 2000ல் மேயோ மாவட்டத்து மல்ரேனி என்ற ஊரில் 'சேஃப் ஹோம்' என்ற அமைப்பு தொடங்கி, வயதான புலம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்ப வீடு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தது. 2002ல் அரசுக் குழு ஒன்று வெளிநாட்டு ஐரிஷ் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்த பிறகு, 2004லிருந்து அவர்களுக்கான அமைப்புகளுக்கு அரசு முறையாகப் பணம் ஒதுக்குகிறது. 1950களில் கப்பலேறியவர்களில் பலருக்கு அது எட்டவே இல்லை.

714 இப்போது இல்லை, அதன் வாரிசு இருக்கிறது. பிரிட்டனில் இன்றும் கட்டுமானத் துறைக்கென்று தனி வரிப் பிடித்த முறை உண்டு. பதிவு செய்த சப்பிக்கு 20 சதவீதம், பதிவு செய்யாதவருக்கு 30 சதவீதம். அதன் கீழ் லண்டன் கட்டுமானத் தளங்களில் ருமேனியாவிலிருந்து வந்தவர்களும் இன்னும் பல நாட்டவரும் தினமும் ஒரே கேங்கரின் கீழ், ஒரே இடத்தில், அவர் சொன்ன நேரத்துக்கு வந்து வேலை செய்கிறார்கள். அவர்களில் ஏராளமானோர் ஏட்டில் சுயதொழில் செய்பவர்கள். அவர்களுக்கு விடுமுறைக் கூலியும் இல்லை, நோய்க்காலக் கூலியும் இல்லை.